கல்குவாரி வெடியில் கிணறு அதிர்கிறதா?

கேள்வி: எங்கள் தோட்டத்திலிருந்து 400 மீட்டர் தள்ளி கல்குவாரி இருக்கிறது. வெடி வைக்கும்போது வீடே அதிர்கிறது. கிணற்றுக் கட்டுச் சுவரில் இரண்டு கல் பெயர்ந்துவிட்டது. தண்ணீரும் குறைகிறது. குவாரிக்காரரைக் கேட்டால், ‘வெடியைக் குறைத்தால் கட்டுப்படியாகாது’ என்கிறார். என்ன செய்வது?
- வாசகர் ஒருவர், கரூர் மாவட்டம்.

பதில்: அதிர்வைக் குறைத்தால் நஷ்டம் வரும் என்பது சரியல்ல. வெடிமருந்தின் வேலை பாறையை உடைப்பது. நிலத்துக்குள் அதிர்வாக ஓடும் சக்தி, குவாரிக்காரர் காசு கொடுத்து வாங்கி வீணாக்கும் சக்தி.

கிணற்றை ஆட்டுவது அன்றைக்கு வைத்த மொத்த மருந்து அல்ல. ஒரே கணத்தில் சேர்ந்து வெடிக்கும் மருந்துதான். 20 குழிகளும் ஒன்றாக வெடித்தால் அதிர்வும் ஒன்றாகச் சேர்ந்து வரும். டிலே டெட்டனேட்டர் பொருத்தி, குழிக்குக் குழி 25 மில்லி செகண்டு போல இடைவெளி விட்டால், காதுக்கு ஒரே வெடியாகக் கேட்டாலும் நிலத்தில் அதிர்வு பிரிந்துவிடும். ஒரே கணத்தில் வெடிக்கும் மருந்தை நாலில் ஒரு பங்காக்கினால், 400 மீட்டரில் உள்ள உங்களுக்கு, குவாரி 800 மீட்டர் தள்ளிப் போனதற்குச் சமம்.

இதில் அவருக்கும் லாபம் உண்டு. முன்வரிசை முதலில் வெடித்து விலகினால், பின்வரிசைப் பாறை நகர இடம் கிடைக்கும். கல் நன்றாக உடையும். பெரிய பாறைகளைத் திரும்ப உடைக்கும் பிரேக்கர் செலவும் டீசலும் மிச்சம். பாறையின் திறந்த முகத்திலிருந்து அதிகம் தள்ளிக் குழி போட்டால், பாறை நகர முடியாமல் அதிர்வுதான் கூடும். குழியின் வாயைச் சிறு ஜல்லி போட்டு நன்றாக அடைக்க வேண்டும். அடைப்பு சரியில்லாவிட்டால் சக்தி மேலே போய், சத்தமும் கல் பறப்பதும் அதிகமாகும்.

தண்ணீர் குறைவதைத் தனியாகப் பாருங்கள். குவாரிக் குழி உங்கள் கிணற்றைவிட ஆழமாகி, அங்கே ஊறும் நீரை மோட்டார் வைத்து இறைத்தால், உங்கள் ஊற்று அந்தப் பக்கம் இறங்கலாம். டிலே வைத்தாலும் அது தீராது. ஆகவே மனுவில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்கள்.

இப்போதே செய்ய வேண்டியவை:

1. வெடித்த தேதி, நேரத்தை நோட்டில் குறியுங்கள். விரிசல்களைத் தேதியுடன் படம் எடுங்கள். விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டுங்கள். விரிசல் நகர்ந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுக்கும்.

2. வாரம் ஒருமுறை, காலையில் மோட்டார் போடும் முன், கயிற்றில் கல் கட்டி நீர்மட்டத்தை அளந்து எழுதுங்கள்.

3. விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனு கொடுங்கள். நகலை மாவட்ட புவியியல் மற்றும் சுரங்கத் துறைக்கு அனுப்புங்கள். வெடி வைக்கும்போது உங்கள் வீட்டருகிலும் கிணற்றருகிலும் அதிர்வுமானி வைத்து அளக்கக் கேளுங்கள். சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தின் வரம்பு, குடியிருப்பு வீடுகளுக்கு அதிர்வின் தன்மையைப் பொறுத்து வினாடிக்கு 5 முதல் 15 மில்லிமீட்டர். குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரிக்குக் குத்தகை தரக் கூடாது என்பது தமிழக விதி. உங்கள் தூரத்துக்கு அது பொருந்தாது. அதனால் அளவீடுதான் உங்கள் பலம்.

வெடி நேரத்தில் யாரும் கிணற்றுக்குள் இறங்க வேண்டாம். வெடிக்காத தோட்டாவோ ஒயரோ கண்ணில் பட்டால் தொடாமல் போலீசுக்குச் சொல்லுங்கள். பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள்.