தோல்வியையும் எழுதி வைப்போம்

குடும்ப நலத் திட்டங்களைப் பற்றிச் சர்க்கார் வெளியிடும் அறிக்கைகளில், எத்தனை அறுவைச் சிகிச்சைகள் நடந்தன, எத்தனை பேருக்கு மாத்திரைகள் வழங்கப்பட்டன என்ற கணக்குகளுக்கு ஒருபோதும் பஞ்சமில்லை. ஆனால் மாத்திரையை வாங்கிச் சென்ற பெண் இரண்டாம் மாதத்திலேயே அதை ஏன் நிறுத்திவிட்டாள், அவளுக்கு நேர்ந்த உபாதையை யார் விசாரித்தார்கள் என்ற விவரங்களை அவற்றில் தேடிக் கண்டுபிடிப்பது அரிது. வெற்றியின் கூட்டுத்தொகை மட்டுமல்ல, தோல்வியின் காரணமும் எழுதப்பட்டு, ஊருக்கு ஊர், தேசத்துக்குத் தேசம் பகிரப்பட வேண்டும் என்பதே இவ்விஷயத்தில் நமது திடமான அபிப்பிராயம்.

இதற்குத் தக்க சான்று வங்கதேசத்தின் மத்லப் கிராமங்களில் இருக்கிறது. காலரா ஆராய்ச்சிக்காக 1966 முதலே பிறப்பு, இறப்பு விவரங்கள் வீடுவீடாகப் பதிவு செய்யப்பட்டு வந்த அப்பகுதியில், 1975-ல் மாத்திரைகளும் ஆணுறைகளும் கிராமத்துப் பெண்களின் மூலம் விநியோகிக்கப்பட்டன. ஆரம்பத்தில் உபயோகிப்போர் தொகை ஏறியது. சில மாதங்களிலேயே இறங்கத் தொடங்கிவிட்டது. தேர்ந்தெடுக்க வேறு முறைகள் இல்லாமையும், உடல் உபாதை கண்ட பெண்களுக்கு ஆறுதலும் சிகிச்சையும் அளிக்க வல்லவர் அருகில் இல்லாமையும் அதன் காரணங்களாகத் தெரியவந்தன. அத்திட்டத்தை நடத்தியவர்கள் ஏறியதை மட்டும் காட்டி இறங்கியதை மறைத்திருந்தால், அவர்களுக்குச் சிலநாள் கீர்த்தி கிடைத்திருக்கலாம். உலகுக்கு ஒரு பாடம் கிடைத்திராது.

அவர்கள் மறைக்கவில்லை. 1977-ல் அதே மண்ணில் தொடங்கிய புதிய முயற்சி, பழைய தோல்வியையே அஸ்திவாரமாகக் கொண்டது. அந்தந்தக் கிராமத்திலேயே வாழும், கல்வி கற்ற, மணமான இளம் பெண்கள் எண்பது பேர் பயிற்சி பெற்று, வெளியே வர இயலாத பெண்களின் வீடுகளுக்கு அடிக்கடி சென்றார்கள். மாத்திரை, ஊசி, கருப்பைச் சாதனம், அறுவை எனப் பல வழிகளையும் எடுத்துச் சொல்லி, எதை ஏற்பது என்ற தீர்மானத்தை அப்பெண்ணிடமே விட்டார்கள். உபாதை என்றால் மறுமுறை வந்து கேட்டார்கள். ஒன்றரை ஆண்டுக்குள் மணமான பெண்களில் நூற்றுக்குச் சுமார் முப்பது பேர் ஏதேனும் ஒரு முறையைக் கைக்கொண்டிருந்தனர். அங்கிருந்த காலரா ஆராய்ச்சி நிலையத்தின் தனி வசதிகளால் விளைந்த பலன் இது என்ற ஐயம் எழுந்தபோது, 1982 முதல் அதே நாட்டின் சிராஜ்கஞ்ச், அபயநகர் பகுதிகளில் சாதாரணச் சர்க்கார் ஊழியர்களைக் கொண்டே அதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

அந்த அனுபவம் கடல் கடந்து ஆப்பிரிக்காவுக்கும் போயிற்று. கானா நாட்டின் வடகோடியில் உள்ள நவ்ராங்கோவில் 1994-ல் முயற்சி தொடங்கியபோது, மத்லப்பின் புறவடிவத்தை அங்குள்ளோர் அப்படியே பிரதி செய்யவில்லை. அங்கே தடையாக இருந்தது கணவர்களின் சந்தேகமும் குலமூத்தோரின் அச்சமும் ஆகையால், ஊர்த்தலைவர்கள் கூட்டும் சபைகளில் ஆண்களின் முன்னிலையிலேயே விஷயம் பேசப்பட்டது; சுகாதார நிலையத்தில் அமர்ந்திருந்த செவிலியர், ஊரார் கட்டித்தந்த வீட்டில் குடியேறினார். இவ்விரண்டும் சேர்ந்த இடங்களில் பெண்ணொருத்தி பெறும் குழந்தைகளின் சராசரி ஏறத்தாழ ஒன்று குறைந்தது. 1999-ல் கானா அரசு இம்முறையைத் தேசியக் கொள்கையாகவே ஏற்றது. மத்லப்பிடமிருந்து நவ்ராங்கோ பெற்றது, ஜனங்களிடம் கேட்டு, சோதித்து, திருத்திக்கொள்ளும் விவேகமே.

1952-லேயே குடும்பக் கட்டுப்பாட்டைத் தேசியத் திட்டமாக்கிய நமது நாடு இவ்விவேகத்தில் முன்நின்றது என்று சொல்வதற்கில்லை. இலக்கு எண்ணிக்கையே வேதவாக்காகி, நெருக்கடி நிலைக் காலத்தில் பலாத்காரமாகவே முடிந்த கதையை யாவரும் அறிவர். அந்த இலக்கு முறையை 1995-ல் முதலில் கைவிட்ட மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று என்பது நமக்குப் பெருமை. 2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, ஒரு பெண்ணுக்குப் பிறக்கும் குழந்தைகளின் சராசரி பீகாரில் 3.0 ஆக இருக்க, இங்கே 1.8 தான். ஆனால் நம்மிடம் பாடம் கேட்க வருகிறவர்களுக்கு மறுபாதியையும் நாம் சொல்லியாக வேண்டும். அதே ஆய்வின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் நூற்றுக்கு 37.9 பேர் கருத்தடை அறுவை செய்துகொண்டிருக்க, ஆண்களின் அறுவையைச் சார்ந்த தம்பதிகள் நூற்றுக்கு 0.3 மட்டுமே, தமிழ்நாட்டிலோ அறுவை செய்துகொண்ட பெண்கள் பாதிக்கும் மேல். எளிய அறுவை ஆணுக்கு இருக்க, பெரிய அறுவையின் பாரம் ஏறக்குறைய முழுவதும் பெண்ணின் உடலில் ஏற்றப்பட்டிருப்பது நமது சாதனையோடு ஒட்டிய குறை. கருத்தடையைப் பெண்ணின் சுதந்திரத்துக்கான சாதனமாகப் பெரியார் பிரசாரம் செய்த மண்ணில், இக்குறையை மறைத்துப் பேசுவது தகாது.

குறைகளைப் பகிரங்கப்படுத்தினால் ஜனங்கள் மிரண்டு திட்டத்தையே வெறுப்பார்கள் என்று சிலர் ஆட்சேபிக்கக்கூடும். அனுபவம் இதற்கு நேர்மாறாக இருக்கிறது. 1985-ல் ஹைதராபாத்துக்கு அருகே பட்டன்செருவில், தங்களுக்குப் போடப்படும் கருத்தடை ஊசி ஒரு பரிசோதனை என்பதையே பெண்களுக்கு விளக்காதிருந்தது வெளிப்பட்டு, மகளிர் அமைப்பினர் உச்ச நீதிமன்றம் வரை சென்றார்கள். அந்த மருந்தின் மீது படிந்த சந்தேகம் உண்மையைச் சொன்னதால் வந்ததல்ல. சொல்லாமல் விட்டதால் வந்தது.

ஆகவே, ஒவ்வொரு மாவட்டமும் தான் வழங்கிய சேவையின் கணக்கோடு, பெண்கள் எந்த முறையை எந்தக் காரணத்தால் கைவிட்டார்கள், அறுவைக்குப் பின் என்ன உபாதைகள் நேர்ந்தன என்பதையும் ஆண்டுதோறும், தனிப்பட்டவர்களின் பெயர் வெளிப்படாமல், தமிழிலேயே பிரசுரிக்க வேண்டும். கிராம சுகாதார செவிலியரை மேலிடத்துக்குப் புள்ளிவிவரம் அனுப்புபவராக மட்டும் கருதாமல், மாவட்டக் கூட்டங்களில் அவருடைய அனுபவத்தைக் கேட்டுத் திட்டத்தைத் திருத்த வேண்டும். குறையைச் சொன்னதற்காக அவர் தண்டிக்கப்படலாகாது. கணவர்களையும் அழைத்துப் பேசும் பொறுப்பைச் சுகாதார இலாகா தட்டிக்கழிக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, இவ்வாறு சேரும் அறிவு அதிகாரிகளின் மாநாடுகளோடு நின்றுவிடாமல், எந்தப் பெண்ணின் உடலைப் பற்றியதோ அவளிடமே முதலில் சேர வேண்டும். நன்மை தீமை இரண்டையும் அறிந்து அவள் செய்யும் தீர்மானத்தை மதிக்கும் திட்டமே குடும்ப நலத் திட்டம் என்ற பெயருக்கு உரியது.