குரல் என்ன ஆடம்பரமா?

"உயிர் பிழைச்சதே பெரிய விஷயம். குரல்தானே... மெதுவா வரும், விடுங்க."

தைராய்டு ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பி, வெறும் காற்றாக வெளியேறும் குரலில் பேச முயல்கிறவரிடம் சொந்தக்காரர்கள் சொல்லும் ஆறுதல் இது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் ஒரு ஆசிரியராக இருந்தால்? பஸ் கண்டக்டராக இருந்தால்? தெருத்தெருவாகக் கூவி மீன் விற்பவராக இருந்தால்? மீன் கெட்டுப்போனால் ஒருநாள் நஷ்டம். குரல் போனால் முதலே போச்சு!

குரல்வளைக்குள் இரண்டு குரல் நாண்கள் இருக்கின்றன. மூச்சு விடும்போது விலகும், பேசும்போது ஒன்று சேரும். இவற்றை அசைக்கும் நரம்பு போகும் பாதைதான் வம்பு. இடது பக்க நரம்பு நேராகக் குரல்வளைக்கு வராமல் நெஞ்சுக்குள் இறங்கி, மகாதமனியைச் சுற்றிக்கொண்டு, தைராய்டு சுரப்பியை ஒட்டி மறுபடி மேலே ஏறுகிறது. அதனால் தைராய்டு ஆபரேஷன், இதய ஆபரேஷன், நுரையீரல் கட்டி என எது வந்தாலும் இந்த நரம்புக்கு ஆபத்து. காரணமே தெரியாமல் செயலிழப்பதும் உண்டு.

ஒரு நாண் செயலிழந்தால் என்ன ஆகும்? ஒரு கை தட்டினால் ஓசை வராது, அவ்வளவுதான். இடைவெளி வழியே காற்று கசியும். நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்கும். தண்ணீர் குடித்தால் புரை ஏறும். இருமினால் வேகம் இருக்காது. 'குரல்தானே' என்று சொல்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியுமா?

உடனே வீட்டில் பனங்கற்கண்டும் மிளகுப் பாலும் அதிமதுரமும் வரிசை கட்டும். தொண்டை கரகரப்புக்கு அவை இதமாக இருக்கலாம். செயலிழந்த நரம்பை எந்தக் கற்கண்டும் எழுப்பாது! குரல் கம்மல் நான்கு வாரத்துக்கு மேல் நீடித்தால், ஈ.என்.டி. டாக்டர் கேமரா விட்டுக் குரல் நாண்களைப் பார்த்தே ஆகவேண்டும்.

இதற்கு வைத்தியம் இல்லையா? நூறு வருடத்துக்கும் மேலாக இருக்கிறது. 1911-லேயே ஜெர்மனியின் வில்ஹெல்ம் ப்ரூனிங்ஸ் செயலிழந்த நாணுக்குள் பாரஃபின் மெழுகை ஊசியால் ஏற்றி, அதை நடுவே தள்ளிப் பார்த்தார். மெழுகு தொல்லை கொடுத்தது. பின்னால் வந்த டெஃப்லானும் கட்டிகளை உண்டாக்கி மதிப்பிழந்தது. இன்று ஹயலுரானிக் அமில ஜெல், நோயாளியின் சொந்தக் கொழுப்பு என்று பாதுகாப்பான வழிகள் வந்துவிட்டன.

1974-ல் ஜப்பானின் நோபுஹிகோ இஷிகி இன்னொரு வழியைக் காட்டினார். கழுத்தில் சிறிய வெட்டு, குரல்வளைக் குருத்தெலும்பில் ஒரு ஜன்னல். அதன் வழியே சிலிக்கான் துண்டு ஒன்றை வைத்து, அசையாத நாணை நடுவுக்குத் தள்ளுவது. பெயர் தைரோபிளாஸ்டி. பெரும்பாலும் நோயாளி விழித்திருக்கும்போதே செய்கிறார்கள். டாக்டர் "ஒண்ணு, ரெண்டு எண்ணுங்க" என்பார். வரும் குரலைக் கேட்டபடியே துண்டைச் சரிசெய்வார். போன குரல் மேஜையிலேயே திரும்புகிறது! கழுத்திலுள்ள வேறொரு நரம்பை எடுத்து இணைக்கும் முறையும் உண்டு. அதில் பலன் தெரியப் பல மாதங்கள் ஆகும்.

"ஒரு வருஷம் பொறுங்க, தானா சரியாகும்" என்பது அடுத்த வாதம். இது பாதி உண்மை. நரம்பு அறுந்துபோகாமல் அடிபட்டு மட்டும் இருந்தால் தானே மீள வாய்ப்புண்டு. அதனால்தான் நிரந்தர ஆபரேஷனை வழக்கமாகத் தள்ளிப்போடுகிறார்கள். ஆனால் சில மாதங்களில் கரைந்துவிடும் ஜெல் ஊசி எதற்கு இருக்கிறது? அந்தக் காத்திருக்கும் காலத்தில் பேசுவதற்குத்தானே! அதைச் சொல்லாமல் 'பொறுங்க' என்று மட்டும் அனுப்பிவைத்தால், அது வைத்தியமா?

நரம்பு அடிபடுவது எப்போதும் டாக்டரின் தவறு அல்ல. கைதேர்ந்தவர்கள் கையிலும் நடக்கும். அதற்குப் பிறகு நிலவும் மௌனம்தான் தவறு. அமெரிக்க ஈ.என்.டி. மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட வழிகாட்டி, தைராய்டு ஆபரேஷனுக்கு முன்பே நோயாளியின் குரலைக் கவனித்துப் பதிவு செய்யச் சொல்கிறது. ஆபரேஷன் முடிந்து இரண்டு வாரம் முதல் இரண்டு மாதத்துக்குள் குரல் மாறியிருக்கிறதா என்று மறுபடி பார்க்கச் சொல்கிறது. மாறியிருந்தால் நாண்களைச் சோதிக்கச் சொல்கிறது. இதற்கு கோடி ரூபாய் செலவா? ஒரு கேமரா, பத்து நிமிடம், கொஞ்சம் அக்கறை.

இந்த ஆபரேஷன் ஒன்றும் மந்திரக்கோல் அல்ல. நாண் மறுபடி அசையாது. பாடகரின் உச்சஸ்தாயி திரும்பும் என்று உத்தரவாதம் கிடையாது. ரத்தக்கசிவு, வீக்கம் வரலாம், துண்டு இடம் மாறலாம். இரண்டு நாண்களும் செயலிழந்தவர்களின் கதையே வேறு. அவர்களுக்கு முதல் பிரச்சினை மூச்சு. இதையெல்லாம் கேட்டு "வேண்டாம்" என்று ஒருவர் சொன்னால் அது அவர் உரிமை. ஆனால் இப்படி ஒரு வழி இருப்பதையே சொல்லாமல் விட யாருக்கும் உரிமை இல்லை.

கால் முறிந்தவரிடம் "உயிர் இருக்கே, நடந்து என்ன ஆகப்போகுது?" என்று யாராவது சொல்வார்களா? குரல் போனவரிடம் மட்டும் ஏன் சொல்கிறார்கள்? அவரால் திருப்பிக் கத்த முடியாது என்பதாலா?