ரேடியோ இன்ஜினீயர் ராஜன்

வடக்குப்பட்டில் வாடகைக்குத் தங்கி, ஒரகடத்துத் தொழிற்சாலையில் ஷிப்ட் பார்க்கும் டிப்ளமோ பையன்கள் நாலு பேரோடு அண்மையில் 'அந்த நாள்' பார்த்தேன். கறுப்பு வெள்ளைப் படம், பாட்டு கிடையாது, சண்டை கிடையாது என்றதும் முகம் சுளித்தார்கள். தொடக்கத்திலேயே ராஜனாக வரும் சிவாஜி குண்டடிபட்டு விழவும், ஒருவன் தன் போனைக் கவிழ்த்து வைத்தான். படம் முடியும்வரை அதை எடுக்கவே இல்லை.

1954இல் வந்த ஏவி.எம். படம். வீணை எஸ். பாலசந்தர் இயக்கினார்; ஜாவர் சீதாராமன் எழுதி, துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தார். 1943 அக்டோபரில் ஜப்பான் விமானம் சென்னையில் குண்டு போட்டதே பின்னணி. கொலையுண்ட ராஜனை உடன்பிறந்தவன், அவன் மனைவி, பக்கத்து வீட்டுக்காரர், காதலி, சொந்த மனைவி என்று ஒவ்வொருவர் சொல்லியும் அறிகிறோம். குரோசவாவின் 'ராஷோமோன்' பேச்சு இங்கே தவறாமல் வரும். வரட்டும். ஒரே சம்பவத்தைப் பலர் பார்வையில் சொல்லும் அந்த உத்தியை இன்று சின்னத்திரைத் தொடர்கள்கூடக் கையாள்கின்றன. அதற்காக யாரும் எழுபதாண்டுப் பழைய படத்தைத் தேடிப் பார்ப்பதில்லை.

இழுப்பது ராஜன்தான். 1986இல் வந்த 'விக்ரம்' உளவுப் படத்தில் நாயகன் அக்னி புத்திரன் ஏவுகணையைத் தேடி சலாமியா என்னும் கற்பனை நாட்டுக்கே போகவேண்டியிருந்தது. இங்கே உளவாளியான ராஜன் நம் வீட்டுப் படித்த பிள்ளை. ஏழையும் வாங்கும் விலையில் ரேடியோ செய்ய ஆசைப்பட்டவன். சொந்த நாட்டில் கைகொடுக்க ஆளில்லை. திறமையை மதித்த ஜப்பானுக்கு விலைபோகிறான். அவன் மனக்காயம் நமக்குப் புரிகிறது. ஆனால் குண்டு விழுவது அவனை ஒதுக்கிய அதிகாரிகள் தலையில் மட்டுமா? பண்டரிபாய் நடித்த மனைவி உஷா அதைத்தான் பார்க்கிறாள். கணவன்மேல் உயிரையே வைத்திருந்தும் அவள் நாட்டை விட்டுக்கொடுக்கவில்லை. படமும் அவனை மன்னிக்கவில்லை. இரக்கத்தையும் தீர்ப்பையும் ஒருசேர நம் மடியில் போட்டுவிடும் துணிவு, பின்னால் வந்த நம் உளவுப் படங்களில் அரிது.

பையன்களில் ஒருவனுக்கு வேலை செல்போன் பாகங்களைச் சோதிப்பது. தன் போனை வாசலில் லாக்கரில் போட்டுவிட்டு, செக்யூரிட்டி தடவிப் பார்த்த பிறகே லைனுக்குப் போவான். காண்டிராக்ட் ஆள். ஒரு சோதனைக் கருவியை எளிதாக்க வழி கண்டுபிடித்து சூப்பர்வைசரிடம் சொன்னானாம். காதில் போட்டுக்கொள்ளவே இல்லையாம்.

"ராஜன் செஞ்சது தப்புதான் சார்," என்றான். "ஆனா அந்த ரேடியோவ யாராவது ஒருத்தர் வாங்கிப் பாத்திருக்கலாம்."

மறுநாள் காலை ஷிப்ட். கம்பெனி பஸ்ஸுக்கு ஐந்து மணிக்கே எழுந்திருக்க வேண்டும். ஆனாலும் உஷா பேசும் கடைசிக் காட்சியை இன்னொரு முறை போடச் சொன்னான்.