பழைய பேட்டைத் தேய்க்காதீங்க... அழியப்போறது அழுக்கு மட்டும் இல்ல!

லண்டன் ஓவல் மைதானத்தில் ஒரு பேட்டைப் பாதுகாத்து வருகிறார்கள். ஹாக்கி மட்டை மாதிரி அடியில் வளைந்திருக்கும். ஜான் சிட்டி என்பவருடையது. ஆண்டு 1729. இன்று மிஞ்சியிருக்கும் கிரிக்கெட் பேட்களில் மிகப் பழையது இதுதான் என்கிறார்கள்.

ஏன் அந்த வளைவு? அப்போதெல்லாம் பந்தைத் தரையோடு உருட்டித்தான் விடுவார்கள். 1760-களில் பந்தைக் குத்தி எழும்பும்படி வீச ஆரம்பித்தார்கள். பேட்டும் மெல்ல நேரானது. அதாவது, பேட்டைப் பார்த்தே பந்துவீச்சின் கதையைச் சொல்லிவிடலாம்.

பழைய பேட் கையில் கிடைத்தால் பலரும் கேட்பது, "எவ்வளவுக்குப் போகும்?" என்றுதான். என்னைக் கேட்டால், அதுக்கு முன்னாடி கேட்க வேண்டியது, "எப்போ, எங்கே செஞ்சது? யார் ஆடினது?"

எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் அளவு. 1771-ல் செர்ட்சி அணியின் தாமஸ் ஒயிட், ஸ்டம்ப்பையே மறைக்கிற அகலத்தில் ஒரு பேட்டோடு வந்து நின்றார். எதிரணியான ஹாம்பிள்டன் கொதித்தது. அதன்பிறகுதான் அகலம் நாலேகால் இஞ்ச்சைத் தாண்டக் கூடாது என்று விதி வந்தது. இன்றுவரை அதே அளவுதான். நீளத்துக்கு 38 இஞ்ச் என்ற வரம்பு 1835-ல் வந்தது.

அடுத்து கைப்பிடி. பிளேடும் கைப்பிடியும் ஒரே மரத்துண்டு என்றால், பேட் ரொம்பப் பழசாக இருக்க வாய்ப்பு உண்டு. பிரம்புக் கைப்பிடியை 'வி' வடிவத்தில் செருகி ஒட்டியிருந்தால், பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டின் பிற்பகுதி அல்லது அதற்கும் பிறகு.

மூன்றாவது, முத்திரை. கன் அண்ட் மூர் நிறுவனம் தொடங்கியது 1885-ல். அந்த முத்திரை உள்ள பேட் அதற்கு முந்தையதாக இருக்கவே முடியாது. கிரே, நிக்கல்ஸ் இரண்டும் தனித்தனி கம்பெனிகள், 1940-களில்தான் இணைந்தன. இரண்டு பெயரும் சேர்ந்திருக்கும் பேட்டை, "1910-ல செஞ்சது சார்" என்று யாராவது விற்க வந்தால், கும்பிடு போட்டு அனுப்பிடுங்க.

கையெழுத்திலும் கவனம் தேவை. பிளேடில் பிரபல வீரர் பெயர் இருந்தாலே அது அவர் ஆடிய பேட் ஆகிவிடாது. வீரர்களின் கையெழுத்தை அச்சாகப் பதித்து கடைகளில் விற்பது பழைய வழக்கம். மை பேனாவில் போட்டதா, அச்சா என்று லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

இப்போது தலைப்புக்கு வருகிறேன். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் பூசி, புது கிரிப் மாட்டி, "புதுசு மாதிரி ஆக்கிட்டேன்" என்று பெருமையாகப் படம் போடுகிறார்கள். போனது அழுக்கு மட்டுமா? மங்கிய முத்திரை, பந்து பட்ட சிவப்புத் தழும்பு, கைப்பிடியில் சுற்றிய பழைய நூல் எல்லாமே போச்சு. அவைதான் சாட்சிகள். சாட்சியை அழித்துவிட்டு வரலாற்றைத் தேடினால் எப்படிக் கிடைக்கும்?

பூச்சி அரித்தால் மரப்பொருள் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். மற்றபடி காய்ந்த மெல்லிய துணியால் தூசி தட்டினால் போதும். எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து வையுங்கள். முக்கியமா, பேட்டைக் கொடுத்த பெரியவரிடம் இன்னைக்கே உட்கார்ந்து பேசுங்க. எப்போ செஞ்சதுன்னு மரம் சொல்லிடும். யார் ஆடினதுன்னு அவர்தான் சொல்லணும்.