பூஸ்ட் குடிச்ச காரும் வாயைத் திறக்காத நானும்

நாலு மாசமா ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி, இந்தப் பக்கம் எட்டிப் பார்க்க முடியலை. இப்ப வந்ததும் நல்ல சேதி சொல்ல இல்ல. சண்டை போட வந்திருக்கேன். யார் கூடன்னா, காருக்கு "பவர் ஏத்தித் தரோம்"னு கடை விரிச்சிருக்கற ஆளுங்க கூட. அப்புறம் அவங்க சொல்றதை வேதவாக்கா எடுத்துக்கற நம்ம பசங்க கூட. கொஞ்சம் என் கூடவும்.

(பூஸ்ட்னதும் டம்ளர்ல ஆத்திக் குடிக்கறதுன்னு நினைச்சு வந்தவங்க மன்னிக்கணும். இது டர்போ எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கித் திணிக்கற பூஸ்ட்.)

கொசுவத்தி சுத்திக்கறேன். 2024 மே மாசம். பொண்ணுக்கு லீவு. புனேயில இருந்து திருநெல்வேலி, 1400 கிலோமீட்டருக்கு மேல. ரயில்ல வழக்கம்போல வெயிட்டிங் லிஸ்ட். "எதுக்கு அத்தான் டிக்கெட், என் வண்டியிலயே போயிரலாம்"னான் மச்சினன். நான், தங்கமணி, பொண்ணு, மாமியார், ஓட்டறதுக்கு அவன். டிக்கியில ஊருக்குக் கொண்டு போற சாமான் வழிய வழிய.

வண்டி செகண்ட் ஹேண்ட்ல வாங்கின டர்போ பெட்ரோல். எந்தக் கம்பெனின்னு சொல்ல மாட்டேன், பாவம், அவங்க மேல ஒரு தப்பும் இல்ல. இவன் பண்ணின வேலையைக் கேளுங்க. முதல்ல ஈசியூவுல ரீமேப். ஆறு மாசத்துல அது பத்தலை. சைலன்சர் பக்கம் அடைப்பில்லாத டவுன்பைப். அதுவும் பத்தலை. கடைக்காரர் 3000 ரூபாய்க்கு ஒரு பித்தளை வால்வு மாட்டி விட்டிருக்கார். டேஷ்போர்டு மேல ஒரு பூஸ்ட் மீட்டர்.

காத்ரஜ் ஏத்தத்துலயே மீட்டர் முள்ளைப் பார்த்தேன். "பாத்தீங்களா அத்தான், 18 பிஎஸ்ஐ!"ன்னான். முள்ளு 22ஐத் தொட்டுட்டு 18க்கு வந்து நின்னுச்சு. 17 வருஷமா எஞ்சின் கேலிப்ரேஷன்ல குப்பை கொட்டறவன் நான். அந்த 22 என்ன சொல்லுதுன்னு எனக்குத் தெரியும். ஆனா மாமியார் பின்னாடி இருக்காங்க, ஊருக்குக் கிளம்பற நேரம், எதுக்கு லெக்சர்னு வாயை மூடிக்கிட்டேன்.

அந்த வால்வு என்ன பண்ணுதுன்னு சொல்லிடறேன். எக்ஸாஸ்ட் புகையோட வேகத்துல டர்போ சுத்துது. சின்ன டர்போவெல்லாம் நிமிஷத்துக்கு 2 லட்சம் சுத்துக்கும் மேல போகும். ஓவரா சுத்தாம இருக்க வேஸ்ட்கேட்னு ஒரு கதவு, புகையில ஒரு பங்கை டர்போவுக்குப் போகாம வழி மாத்தி விடும். அந்தக் கதவைத் தள்ளறது ஒரு ஆக்சுவேட்டர். அதுக்குப் பிரஷர் போற ஹோஸ்ல கம்பெனிக்காரன் ஒரு சோலினாய்டு வச்சிருப்பான். காத்து எவ்வளவு சூடு, நாக்கிங் வருதா, என்ன கியர், எல்லாம் பார்த்துட்டு ஈசியூ அதை நொடிக்குப் பல தடவை திறந்து மூடும்.

இந்தப் பித்தளை வால்வுக்குள்ள இருக்கறது ஒரு குண்டு, ஒரு ஸ்பிரிங். திருகி வச்ச பிரஷர் வர்ற வரைக்கும் ஆக்சுவேட்டருக்குக் காத்து போகாது. அதுவரை கதவு இறுக்க மூடியிருக்கும். அதனாலதான் டர்போ சட்டுனு எழும்பி, "ஆஹா என்னா இழுவை"ன்னு தோணுது. கதவு லேட்டா திறக்கறதால முள்ளு 22க்குத் தாவுது. போதாக்குறைக்கு டவுன்பைப் வேற அடைப்பில்லாதது. புகை சுளுவா வெளியேறுது, வேஸ்ட்கேட் ஓட்டை அந்த அளவுக்குப் பெருசு இல்ல. அப்ப கதவு முழுசா திறந்திருந்தாலும் ஆர்பிஎம் ஏற ஏற பிரஷர் தானா ஏறிக்கிட்டே போகும். வெயிலா, மழையா, அஞ்சு பேரா, ஒருத்தனா, ஸ்பிரிங்குக்கு எல்லாம் ஒண்ணுதான்.

சரி, பிரஷர் எல்லை தாண்டினா ஈசியூ பவரைக் குறைக்கணுமே? குறைச்சிருக்கு. முதல் வாரமே லைட் எரிஞ்சு வண்டி தவழ்ந்திருக்கு. இவன் கடைக்குப் போய்க் கேட்டதும் பிரஷர் சென்சார் ஒயர்ல ஒரு குட்டி சர்க்யூட்டைச் சொருகிட்டாங்க. பிரஷர் எவ்வளவு ஏறினாலும் ஈசியூவுக்கு "எல்லைக்குள்ளதான் இருக்கு சாமி"ன்னு பொய் சொல்ற சர்க்யூட். அந்த எஞ்சின்ல சென்சார் சொல்ற பிரஷரை வச்சுத்தான் எவ்வளவு காத்து உள்ள வருதுன்னே கணக்கு. கணக்குல காத்து கம்மி, அதனால பெட்ரோலும் கம்மி. ஸ்பார்க் டைமிங்கும் குறைஞ்ச லோடுக்கு ஏத்த மாதிரி முன்கூட்டியே. நிஜத்துல உள்ள இருக்கறதோ அமுக்கின சூடான காத்து. இதுக்குப் பேரு ட்யூனிங்காம்!

கம்பட்கி காட், காலை 11 மணி. ஏசி ஓடுது, முன்னாடி லாரி வரிசை. மூணாவது கியர்லயே அமுக்கி ஏத்தறான். ஆணி வச்ச டப்பாவைக் குலுக்கின மாதிரி சத்தம், ரெண்டு மூணு செகண்டுதான். அப்புறம் வண்டி உதற ஆரம்பிச்சுது, பின்னாடி நீலப் புகை. பாதி ஏத்தத்துல, வளைவுக்குக் கொஞ்சம் முன்னாடி ஓரம் கட்டினோம். ஓரம்னு சொல்றதே ஒரு மரியாதைக்குத்தான். பொண்ணை இடுப்புல தூக்கி வச்சுக்கிட்டு, மாமியார் கையைப் பிடிச்சுக்கிட்டு, உரசிட்டுப் போற லாரிகளுக்கு நடுவுல தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் போய் நின்னோம். டோ வண்டி வர ரெண்டரை மணி நேரம். பொண்ணு தண்ணி கேட்டா. டிக்கியில இருந்த பாட்டில் தண்ணி வென்னீரா இருந்துச்சு.

பிரிச்சுப் பார்த்தா மூணாவது சிலிண்டர்ல பிஸ்டன் ரிங்குகளுக்கு நடுவுல இருக்கற வரம்பு ஒடஞ்சிருக்கு. ஒடஞ்ச துண்டு சிலிண்டர் சுவரைக் கீறி வச்சிருக்கு. பில் ஒண்ணே முக்கால் லட்சம். கார் லோன் இன்னும் ரெண்டு வருஷம் பாக்கி.

இப்ப சண்டைக்கு வர்றேன். கடைக்காரங்க எல்லாரும் சொல்ற ஒரு டயலாக் இருக்கு. "கம்பெனிக்காரன் வேணும்னே பவரை அடக்கி வச்சிருக்கான் சார், நாங்க திறந்து விடறோம், அவ்வளவுதான்." அடக்கி வச்சிருக்கான், உண்மைதான். நானே அடக்கியிருக்கேன், அதுக்குத்தான் சம்பளம். ஆனா அந்த இடைவெளி சும்மா கிடக்கற புறம்போக்கு நிலம் இல்ல. அதுக்குச் சொந்தக்காரங்க இருக்காங்க.

மே மாச வெயில் ஒரு சொந்தக்காரன். 40 டிகிரி காத்தை ரெண்டு மடங்கு பிரஷருக்கு அமுக்கினா, கம்ப்ரஸர் 70 சதவீதம் திறமையோட வேலை பார்த்தாலும், வெளிய வர்றப்ப கிட்டத்தட்ட 138 டிகிரி. இன்டர்கூலர்தான் அதை இறக்கணும். லாரிக்குப் பின்னாடி ஊர்ந்து ஏறறப்ப இன்டர்கூலர் மேல என்ன காத்து படும்? அடுத்த சொந்தக்காரன் உயரம். கடல் மட்டத்துல காத்தழுத்தம் சுமார் 1 பார், பெங்களூர்ல 0.91 கிட்ட, லே போனா 0.65தான். இன்டேக்ல மொத்தம் 2 பார் கொடுக்க கடலோரத்துல ரெண்டு மடங்கு அமுக்கினா போதும். லேயில மூணு மடங்குக்கு மேல. டர்போ அதுக்கேத்த வேகத்துல சுத்தியாகணும். அங்க பூஸ்ட்டைக் குறைச்சு டர்போவைக் காப்பாத்தறது ஈசியூவோட வேலை. பொய் சொல்ற சர்க்யூட் இருந்தா அதுவும் போச்சு. மூணாவது, பெட்ரோல். 100 ஆக்டேன் போட்டு ட்யூன் பண்ணிட்டு, நடுவழியில கிடைச்ச பங்க்ல சாதாவை நிரப்பினா நாக்கிங் வராம என்ன வரும்? இண்டியன் ஆயில் 2020 டிசம்பர்ல 100 ஆக்டேன் கொண்டு வந்தது வாஸ்தவம், எல்லா பங்க்லயும் கிடைக்காதுங்கறதும் வாஸ்தவம்.

சட்டம் தனிக் கதை. கம்பெனி பதிஞ்ச அடிப்படை அம்சங்களை மாத்தக் கூடாதுன்னு 2019 ஜனவரியிலயே உச்ச நீதிமன்றம் சொல்லிடுச்சு. சொல்லாம மாத்தின வண்டிக்கு விபத்துன்னா இன்ஷூரன்ஸ்காரன் கையை விரிக்க நாமளே காரணம் எடுத்துக் கொடுக்கறோம்.

ட்யூனிங்கே பாவம்னு சொல்ற ஆள் நான் இல்ல. ஒழுங்கா பண்றவங்களும் இருக்காங்க. வண்டியை டைனோவுல ஏத்தி, நாக் சென்சார் லாக் எடுத்து, காத்துச் சூடு பார்த்து, இன்டர்கூலரை மாத்தி, பூஸ்ட்டை ஈசியூ கையிலயே விட்டு, ஓவர்பூஸ்ட் கட்டைத் தொடாம வேலை பார்க்கறவங்க. அவங்க பில்லும் பெருசு, சொல்ற ஹெச்பி கணக்கும் சின்னது. அதனாலதான் நம்ம பசங்க 3000 ரூபா வால்வுக்கு ஓடறாங்க. சர்க்யூட் சொருகற கடைக்காரரே, உங்ககிட்ட ஒரே கேள்வி. அந்த வண்டியில உங்க குழந்தையை உட்கார வச்சுக் கம்பட்கி ஏறுவீங்களா?

ஊருக்கு வண்டியில போற குடும்பங்களே, கிளம்பறதுக்கு முன்னாடி ஓட்டறவன்கிட்ட கேளுங்க. தம்பியோ மச்சினனோ, கூச்சப்படாதீங்க. பூஸ்ட்டை யார் கண்ட்ரோல் பண்றா, ஈசியூவா ஸ்பிரிங்கா? லைட் எரிஞ்சப்போ காரணத்தைச் சரி பண்ணினியா, லைட்டை அணைச்சியா? பதில் முழுங்கினான்னா பஸ்ல போங்க.

நான் கேட்டிருக்கணும். காத்ரஜ்லயே. அஞ்சு நிமிஷம் ஓரம் கட்டி அந்த வால்வைத் திருகி இறக்கியிருந்தா கூடப் போதும்.

பி.கு: வண்டி இப்ப பழையபடி கம்பெனி செட்டிங்ல ஓடுது. வால்வு என் மேசை டிராயர்ல இருக்கு. போன வாரம் மச்சினன் போன் பண்ணி, "அத்தான், அதை வித்தா எவ்வளவு வரும்?"னு கேட்டான். தங்கமணி போனை வாங்கிட்டாங்க. அதுக்கப்புறம் என்ன பேசினாங்கன்னு இங்க எழுத முடியாது :-)