சக்கர நாற்காலி தனியாகப் போகுமா?

ஐரோப்பாவில் மாற்றுத்திறனாளிகளுக்கு நல்ல மரியாதை என்று போய் வந்தவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். உண்மைதான், மறுக்கவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2006-ம் ஆண்டுச் சட்டப்படி, 48 மணி நேரம் முன்னதாகச் சொல்லிவிட்டால் விமான நிலையத்தில் உதவிக்கு ஆள் வருவார், காசு கிடையாது. பாரிஸில் பழைய மெட்ரோ தடங்கள் படிக்கட்டுமயம் என்றாலும், 14-ம் தடத்தில் எல்லா ஸ்டேஷனிலும் லிஃப்ட் உண்டு. லூவர் அருங்காட்சியகத்தில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வரும் துணைக்கும் நுழைவு இலவசம்.

கவனியுங்கள், துணைக்கும் இலவசம். துணையில்லாமல் இவர்களால் வர முடியாது என்பது அருங்காட்சியகத்துக்குத் தெரிகிறது. விசா கொடுப்பவர்களுக்குத் தெரியவில்லையே, அதுதான் என் கோபம்.

ஷெங்கன் விசாவுக்கு ஆளுக்கு 90 யூரோ. மறுத்தாலும் திரும்பாது. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். விரல் ரேகை கொடுக்க நேரில் போக வேண்டும். 59 மாதங்களுக்குள் ஏற்கெனவே கொடுத்தவர்களுக்கு மட்டும் அந்த அலைச்சல் மிச்சம். அரசு அழைப்பில் போகும் மந்திரிக்கும் அவர் மனைவிக்கும் ரேகை வேண்டாமாம். நடக்க முடியாதவருக்கு அந்தச் சலுகை இல்லை.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். என் தங்கை பக்கவாதத்துக்குப் பிறகு சக்கர நாற்காலியில் இருக்கிறாள். பாரிஸில் இருக்கும் மகனைப் பார்க்க அவளும், அவளைக் கவனித்துக்கொள்ளும் மகளும் சேர்ந்து விண்ணப்பித்தார்கள். மதுரையிலிருந்து சென்னை வரை போய் ரேகையும் கொடுத்தார்கள். தங்கைக்கு விசா வந்தது. மகளுக்கு மறுத்துவிட்டார்கள். ஊர் திரும்புவார் என்ற நம்பிக்கை இல்லையாம். வேலை இல்லை, சம்பளச் சீட்டு இல்லை. எப்படி இருக்கும்? அம்மாவைப் பார்த்துக்கொள்ளத்தானே வேலையை விட்டாள்!

யாரை உள்ளே விடுவது என்பது அந்தந்த நாட்டின் உரிமை என்பார்கள். இருக்கட்டும், நன்றாகச் சோதிக்கட்டும். ஆனால் இரண்டு விண்ணப்பங்களையும் ஒன்றாக வைத்துப் படித்தால் என்ன குறைந்துவிடும்? மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 18-வது பிரிவு நடமாடும் சுதந்திரத்தைப் பற்றிப் பேசுகிறது. அதை இந்தியாவும் ஏற்றிருக்கிறது, ஐரோப்பிய ஒன்றியமும் ஏற்றிருக்கிறது. ஒருத்திக்கு விசா கொடுத்து அவளைத் தூக்கி உட்கார வைப்பவளுக்கு மறுப்பது, இருவருக்கும் மறுப்பதுதான்.

நான் கேட்பது மூன்று. துணையின் விண்ணப்பத்தைச் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும். வீட்டில் இருந்து பராமரிப்பதை வேலையாகக் கணக்கில் எடுக்க வேண்டும். நகர முடியாதவருக்கு வீட்டுக்கே வந்து ரேகை எடுக்க வேண்டும், அதற்குத் தனியாகப் பணம் கேட்கக்கூடாது.

அதுவரை, விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. "இவர் இல்லாமல் அவர் பயணம் செய்ய முடியாது" என்று மருத்துவரிடம் எழுதி வாங்கி, இரண்டு விண்ணப்பங்களிலும் இணையுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தந்தாக வேண்டும். மேல்முறையீடு செய்யவும் வழி உண்டு. தலைவிதி என்று விட்டுவிடாதீர்கள்.