ஆறடிக்கு ஓர் அங்குலம்



பள்ளி விட்டு வந்த மகன், "அப்பா, கூட்டாளி வீட்டில் விமானம் செய்கிற பெட்டி வாங்கியிருக்கிறார்கள். எனக்கும் வேண்டும்" என்கிறான். விலையைக் கேட்டதும் நீங்கள், "போய்ப் படிக்கிற வேலையைப் பார்" என்கிறீர்கள். பையனின் முகம் வாடிப் போகிறது. பல வீடுகளில் நடப்பதுதான் இது.

அந்தப் பெட்டி இல்லாமலே விமானம் செய்யலாம். அதோடு, பெட்டியில் கிடைக்காத ஒன்றும் அதில் கிடைக்கும். அதைச் சொல்லத்தான் இன்று வந்தேன்.

பெட்டியில் துண்டுகள் எல்லாம் தயாராக இருக்கும். ஒட்டினால் போதும். வெறும் பிளாஸ்டிக் அட்டையில் செய்வதென்றால் ஒவ்வொரு துண்டையும் பையனே அளந்து, வரைந்து, வெட்ட வேண்டும். "எனக்குக் கணக்கு வராது" என்று சொல்கிற பையன் இங்கே கணக்கிலிருந்து தப்பவே முடியாது!

முதலில் நம் நாட்டு விமானம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். 1958-இல் மலாயா விமானப் படை தொடங்கியபோது அதற்கு முதலில் வந்த விமானம் 'டுவின் பயனியர்'. துங்கு அப்துல் ரஹ்மான் அதற்கு 'லாங் ராஜாவாலி' என்று பெயர் சூட்டினார். குறுகிய ஓடுபாதையில் ஏறி இறங்குவதற்கென்றே செய்யப்பட்டது அது. உயரத்தில் அமைந்த இறக்கை, இரண்டு இயந்திரங்கள், வாலில் மூன்று செங்குத்துத் தகடுகள், உள்ளே மடங்காத சக்கரங்கள். கைப்பழக்கம் இல்லாதவனும் துணிந்து தொடங்கலாம்.

இப்போது கணக்கு. மாதிரி விமானம் செய்கிறவர்கள் பெரும்பாலும் 72-இல் ஒரு பங்கு என்ற அளவை வைத்துக்கொள்வார்கள். ஆறடி என்றால் 72 அங்குலம். ஆகவே ஆறடிக்கு ஓர் அங்குலம். ஆறடி மனிதன் உங்கள் மேசை மேல் ஓர் அங்குலமாக நிற்பான். டுவின் பயனியரின் இறக்கை நுனிக்கு நுனி 76½ அடி. ஆறால் வகுத்தால் 12¾ அங்குலம். உடலின் நீளம் 45¼ அடி. அதைப் பையனே வகுத்துப் பார்க்கட்டும். விடை ஏழரை அங்குலத்துக்குக் கொஞ்சம் கூட வரும்.

அட்டை எது? 'பாலிஸ்டைரின்' என்கிற வெள்ளைத் தகடு. உடலுக்கு ஒரு மில்லிமீட்டர், இறக்கையின் மேல்தோலுக்கு அரை மில்லிமீட்டர் கனம் போதும். பழைய டப்பாவும் உதவும். அதன் அடியில் முக்கோணத்துக்குள் 6 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 5 என்று இருந்தால் இந்தப் பசை ஒட்டாது. வெண்ணுரைப் பெட்டியும் ஆகாது.

இனி வெட்டும் வேலை. அப்பாக்களே, இங்கே நீங்கள் வாருங்கள்! தோட்டங்களில் இன்று செம்பனை மிகுந்துவிட்டது. ஆனாலும் பால்மரம் சீவிய கை அந்தப் பழக்கத்தை மறக்காது. ஆழம் கூடினால் மரத்துக்குக் காயம். குறைந்தால் பால் வராது. பிளாஸ்டிக் அட்டையும் அப்படித்தான். இரும்பு அடிக்கோலை வைத்துக் கத்தியால் மெல்ல இரண்டு மூன்று முறை கீற வேண்டும். பிறகு மடக்கினால் கோட்டிலேயே 'டக்'கென்று உடையும். ஒரேயடியாக அழுத்தினால் கத்தி வழுக்கும், விரலும் போகும். பிள்ளையின் பாடப் புத்தகம் நமக்குப் புரியாது என்று ஒதுங்கி நிற்கும் தந்தையர் எத்தனையோ பேர். இந்த ஒரு பாடத்தில் நீங்கள்தான் வாத்தியார்.

உடலுக்குள் குறுக்கே தடுப்புத் துண்டுகளை நிறுத்தி, அவற்றின் மேல் பக்கத் தகடுகளை ஒட்டுங்கள். இறக்கைக்குள் நீளவாட்டில் ஒரு பட்டை வைத்தால் தொய்யாது. வட்டத் துண்டுகளை அடுக்கி ஒட்டித் தேய்த்தால் சக்கரம். வெட்டி மிஞ்சிய துணுக்குகளைப் பசையில் கரைத்தால் இடுக்குகளை அடைக்கும் களிம்பு. அந்தப் பசையின் ஆவி நல்லதல்ல. சன்னலைத் திறந்து வையுங்கள். அடுப்புப் பக்கம் போகாதீர்கள்.

இறக்கையை ஒட்டியதும், பசை காயுமுன் இரண்டு நுனிகளிலிருந்தும் வால்முனைக்கு நூல் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டும் சமமாக இருந்தால் விமானம் நேர். முதல் தடவை பெரும்பாலும் கோணலாகத்தான் வரும். அப்போது திட்டாதீர்கள். "எவ்வளவு கூடியிருக்கிறது, அளந்து சொல்" என்று மட்டும் கேளுங்கள். அவன் அடிக்கோலை எடுப்பான். கணக்கு வராது என்ற பேச்சு அந்த இடத்தில்தான் குறையத் தொடங்கும்.

இதைச் செய்தவன் விமானியாகிவிடுவான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கூட்டாளி வந்து, "எந்தக் கடையில் வாங்கினாய்?" என்று கேட்கும்போது, "நானும் அப்பாவும் செய்தோம்" என்று அவன் சொல்வான். அந்தச் சொல்லுக்கு எத்தனை வெள்ளி கொடுக்கலாம், நீங்களே சொல்லுங்கள்!

அடுத்த இதழில் சந்திப்போம்.